எந்த நூலை எடுப்பது?

காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் தமிழோடு தெலுங்கும் ஒலிப்பது நமக்குப் புதிதன்று. இன்றோ ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளை நாடி வந்த வடமாநில இளைஞர்கள், ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கின்றனர். அவர்களுள் ஒருவரிடம் புன்னகைக்குமேல் எதுவும் பேச இயலாமற்போன நாளில், இந்தி கற்க முடிவு செய்தோம்.

புத்தகக் கடையில் ஒருபுறம் முப்பது நாளில் கற்பிப்பதாகச் சொல்லும் சிறுநூல். மறுபுறம் தடித்த இலக்கண நூல். நம் கை தடித்ததையே நாடியது. அது நம்மைக் கற்றவராகக் காட்டும் என்பதன்றி வேறு காரணம் உண்டா?

தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், தமிழ் கற்க வரும் மறைப்பணியாளருக்கென இலத்தீனில் முதலில் எழுதியது மக்கள் பேசும் கொடுந்தமிழின் இலக்கணமே. 1738-இல் தரங்கம்பாடியில் லுத்தரன் சபையாரின் அச்சகத்தில் அது வெளிவந்தது. செந்தமிழுக்கு அவர் வேறொரு நூல் எழுதினார். முதலில் மக்களோடு பேச்சு, பிறகே புலமை. ஆகவே, எந்த நூல் சிறந்தது என்பதற்கு முன், யாரோடு பேசுவதற்கு என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதற்காக, எளிய நூலெல்லாம் நல்ல நூலாகிவிடாது. அச்சிறுநூலில் இந்திச் சொற்கள் தமிழ் எழுத்தில் மட்டுமே இருந்தன. உணவைக் குறிக்கும் சொல்லும் பாடலைக் குறிக்கும் சொல்லும் அங்கே 'கானா' என ஒன்றாகிவிடுகின்றன. சாப்பாடு ஆயிற்றா என்று கேட்க எண்ணி, பாட்டு ஆயிற்றா என்று கேட்போம்! நம் உழைப்பை மிச்சப்படுத்தும் நூல், அச்சுமையைக் கேட்பவர் தலையில் ஏற்றிவிடுகிறது.

இறுதியில், எழுத்துகளை முதற் பாடங்களிலேயே கற்பித்து, அன்றாட உரையாடல்களைத் தந்து, பயிற்சிகளுக்கு விடையும் சேர்த்த நடுத்தர நூலொன்றைத் தேர்ந்தோம். ஆசிரியரின்றிக் கற்பவருக்கு விடைப் பக்கம் இன்றியமையாதது. அதை முன்கூட்டியே பார்க்காதிருப்பது நம் நேர்மைக்குச் சோதனை.

ஆறாம் பாடத்தை இன்னும் தாண்டவில்லை. ஆயினும் சென்ற ஞாயிறன்று அந்த இளைஞரிடம், சாப்பிட்டீர்களா என்று இந்தியில் கேட்டோம். அவர் சிரித்து, நம் உச்சரிப்பை இருமுறை திருத்தினார். பிறகு தம் தாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார், பாதிதான் புரிந்தது.

கோர்வைச் சேலையில் உடலும் கரையும் இணைய, தறியில் இருவர் அமர வேண்டும். நூலை நாம் தனியே படிக்கலாம். மொழியைக் கற்க இன்னொருவர் வேண்டும். அவர் திருத்தும்போது நாணாதிருப்போமா?