பாட வராத குழந்தை

ஆண்டு விழாவுக்கென்று குரல்வளமுள்ள பத்துக் குழந்தைகளைத் தேர்ந்தெடுக்கிறோம். சுருதி சேராத பிள்ளைகளை, "நீங்கள் வாயை மட்டும் அசையுங்கள்" என்கிறோம். விழா சிறக்கிறது. ஆனால் இஃது அறமாகுமா?

கணக்கில் பின்தங்கிய மாணவனை அவ்வகுப்பினின்றும் நாம் விலக்குவதில்லை. அவனிடமே கூடுதல் கவனம் செலுத்துகிறோம். இசைக்கு மட்டும் வேறொரு நீதி ஏன்?

அங்கேரி நாட்டு இசையறிஞர் சோல்தான் கோடாய் (1882–1967) இசை எல்லார்க்கும் உரியது என்றார். அவர் பிறந்த கெச்கெமேத் நகரில் 1950இல் தொடங்கிய இசைப்பள்ளியில் பிள்ளைகள் நாள்தோறும் பாடினர். அவர்களுக்கு முதற்கருவி சொந்தக் குரலே. சுரங்களைக் கைச்சைகையால் காட்டி, கேட்கவும் பாடவும் படிப்படியாகப் பழக்குவது அவர் முறை. சுருதி சேராமை பெரும்பாலும் கேட்டுப் பழகாமையே அன்றிப் பிறவிக் குறையன்று.

இஃது ஒருவரால் ஆகும் பணியன்று. மாதவி ஒருத்தியின் அரங்கேற்றத்திற்கு ஆடல், இசை, தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர் எனப் பலர் துணைநின்றதை இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். நம் பள்ளிகளிலும், தேர்வுக் காலத்தில் இசைப் பாடவேளையைப் பிற பாடத்திற்கு விட்டுக்கொடாத தலைமையாசிரியர் வேண்டும், வகுப்பாசிரியர்க்கும் எளிய பாடல்களைப் பயிற்றும் இசையாசிரியர் வேண்டும், "பரிசு உண்டா?" என்று கேளாத பெற்றோர் வேண்டும்.

"உனக்குப் பாட வராது" என்ற சொல்லை இளமையில் கேட்டு, முதுமை வரை வாய் திறவாதவர் பலரை நாம் அறிவோம். உயிர்களுக்கு இன்னா செய்யாமை சொல்லுக்கும் பொருந்துமன்றோ?