சாடியில் வைத்த மன்னா
(பொதுக்காலம் 18-ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு)



பாலைநிலத்தில் பசியால் முணுமுணுத்த மக்களுக்கு ஆண்டவர் மாலையில் காடையும் காலையில் மன்னாவும் தந்ததை விடுதலைப் பயண நூலிலிருந்து கேட்டோம். 16-ஆம் அதிகாரத்தின் 15-ஆம் வசனத்தோடு வாசகம் நின்றுவிட்டது. வீட்டுக்குப் போனதும் மீதியையும் வாசியுங்கள். மறுநாளுக்கென்று சிலர் மன்னாவை எடுத்து வைக்கிறார்கள்; விடிவதற்குள் அது புழுத்து நாறுகிறது. அதே அதிகாரம் முடியும் தறுவாயில், ஓர் அளவு மன்னாவை ஒரு சாடியில் போட்டு ஆண்டவர் திருமுன் வைக்கும்படி மோசே ஆரோனிடம் சொல்கிறார். வருகிற தலைமுறைகள் அதைப் பார்க்க வேண்டுமாம்.

ஒரே மன்னா. பதுக்கியபோது அழுகியது, பிறர் காண வைத்தபோது நிலைத்தது. இதை எனக்கு நன்றாக விளங்க வைத்தது நம் ஊர்க் காளான்.

இடியும் மழையுமாகக் கழிந்த இரவுக்கு மறுநாள், கரையான் புற்றைச் சுற்றி வெள்ளை வெளேரென்று காளான் முளைத்திருப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மேலூர்ப் பக்கத்துச் செம்மண் காட்டிலும் கண்மாய்க் கரையிலும் வளர்ந்தவர்களுக்குப் புற்றுக்காளானைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மண்ணுக்குக் கீழே நடப்பதைச் சொல்லியாக வேண்டும். கரையான்கள் காய்ந்த இலையையும் மரத்துகளையும் தின்று, அந்தக் கழிவைக் கொண்டு புற்றுக்குள் கூடு கூடாகத் தோட்டம் கட்டுகின்றன. அதில் பூஞ்சையை வளர்க்கின்றன. கரையானால் செரிக்க முடியாத மரச்சத்தைப் பூஞ்சை கரைத்துக் கொடுக்கிறது. அந்தப் பூஞ்சைதான் கரையானுக்கு உணவு. மாதக்கணக்காக இருட்டில் இந்த வேலை நடக்கிறது. மழை வந்ததும் பூஞ்சை வேர் போன்ற நீண்ட தண்டை மேலே அனுப்பி, மண்ணைப் பிளந்து குடை விரிக்கிறது. நாம் ‘ஒரே ராத்திரியில் முளைத்தது’ என்கிறோம்!

பால் காளான் என்னும் வேறு வகையை நாம் வளர்க்கக் கற்றுக்கொண்டோம். நம் பக்கத்து அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ஏபிகே 2 என்ற பால் காளான் ரகத்தை வெளியிட்டது. பல குடும்பங்களுக்கு அது சோறு போடுகிறது, நன்றி சொல்வோம். புற்றுக்காளான் அப்படி நம் கைக்கு எளிதில் அடங்குவதில்லை. முளைத்த அன்றே எடுக்க வேண்டும். வெயில் ஏறினால் வாடும், வைத்திருந்தால் புழுவைக்கும். இஸ்ரயேலர் கண்ட மன்னாவும் அப்படித்தானே இருந்தது?

இந்தக் காளான்களைக் கருப்பு வெள்ளை பிலிமில் படம் எடுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஒரு ரோலில் 36 படம்தான். அதனால் பொத்தானை அழுத்துவதற்கு முன் நெடுநேரம் பார்க்க வேண்டியிருக்கிறது. தரையோடு தரையாகப் படுத்தால்தான் குடையின் அடியில் இருக்கும் மடிப்புகள் தெரியும். அதிகாலை நிழலில் வெளிச்சம் போதாது. ஷட்டர் சில விநாடிகள் திறந்தே இருக்க வேண்டும், கேமரா அசையவே கூடாது. இன்னொன்றையும் கவனித்தேன். கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். அதன் பேச்சைக் கேட்டால் வெள்ளைக் காளான் படத்தில் மங்கிப் போகும். மீட்டர் சொல்வதைவிட ஒளியைக் கூட்டிக் கொடுத்தால்தான் வெள்ளை வெள்ளையாக விழும். மனிதரை அளக்கும்போதும் எனக்கு இந்த எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஊர் சொல்லும் கணக்கை வைத்து ஒருவரைப் பார்த்தால் அவருக்குள் ஆண்டவர் வைத்த வெண்மை நம் கண்ணுக்கு மங்கித்தான் தெரியும்.

மதுரையை முதன்முதல் கேமராவில் பதிவு செய்தவர்களில் ஒருவர் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். 1858-இல் மெழுகேற்றிய காகித நெகட்டிவ்களில் மீனாட்சியம்மன் கோயிலையும் நாயக்கர் மகாலையும் எடுத்தார். நடமாடுகிறவர்கள் விழாத அளவுக்கு அந்தக் காகிதத்தில் ஒளி மெல்ல மெல்லத்தான் பதியும். ஆனாலும் அவர் பார்த்த மதுரையை இன்று நாமும் பார்க்கிறோம். அந்தக் கற்களின் மேல் அன்று அடித்த வெயில் நமக்காக எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது.

படத்தில் இருக்கும் காளானை யாரும் சமைக்க முடியாது. (படத்தைப் பார்த்து அடையாளம் கண்டேன் என்று தெரியாத காளானைத் தயவுசெய்து யாரும் பறித்துச் சமைக்காதீர்கள், உயிர் போகும்.) பசியாற்ற உதவாத அந்தப் படம், அந்தக் காலையில் ஆண்டவர் இந்த மண்ணுக்கு என்ன செய்தார் என்பதற்குச் சாட்சி. ஆரோனின் சாடியும் அதற்காகத்தான் வைக்கப்பட்டது.

நம் வீட்டில் சாடி இருக்கிறதா? மழை பொய்த்த வருடத்தில் யார் வீட்டு அரிசி நம் உலையில் வெந்தது, அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யார் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா? பீரோவில் இருப்பதைக் காட்டுகிறோம். வந்த வழியைக் காட்டுவதில்லை. இன்றைய நற்செய்தியில் இயேசுவைத் தேடி வந்தவர்களுக்கும் இதே குறைதான். அப்பத்தை வயிறாரச் சாப்பிட்டார்கள். தந்தவரை அதில் காணவில்லை.

திருச்சபை ஒரு சாடியை வைத்திருக்கிறது. அதோ, விளக்கு எரியும் நற்கருணைப் பேழை. நாம் உட்கொண்டது போக அங்கே ஆண்டவரை வைத்திருப்பது, முதலாவதாக, கோவிலுக்கு வர இயலாத நோயாளிகளுக்காக. சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு வழித்துணை உணவாக. நாம் அதன் முன் முழந்தாளிட்டு ஆராதிப்பதும் அங்கிருந்தே வளர்ந்தது. ஆகவே உங்கள் தெருவில் படுக்கையில் இருப்பவர்கள், நடக்க முடியாத முதியவர்கள் யாராவது விடுபட்டிருந்தால், திருப்பலி முடிந்ததும் அவர்கள் பெயரையும் வீட்டு அடையாளத்தையும் என்னிடம் எழுதிக் கொடுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை காலை நற்கருணையோடு அவர்கள் வீட்டுக்கு வருகிறேன். பிள்ளைகள் இரண்டு பேர் என்னோடு வந்தால் நல்லது.