செந்நாய்க்குக் குடை இல்லை

சீனாவின் சிச்சுவான் மலைகளைப் பற்றி இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்றை உலகம் பூரா தெரிந்து வைத்திருக்கிறது. இன்னொன்றைக் கேட்பாரில்லை.

முதல் கணக்கு பாண்டாவுடையது. 1985 முதல் 1988 வரை எண்ணியபோது காட்டில் 1,114 பாண்டாக்கள் இருந்தன. 2011 முதல் 2014 வரை எண்ணியபோது 1,864. 2016ல் உலகச் சிவப்புப் பட்டியலில் அதன் ஆபத்து நிலையை ஒரு படி குறைத்தார்கள். கை தட்டினார்கள். தட்ட வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை.

இரண்டாவது கணக்கு 2020ல் அச்சானது. பாண்டாவுக்கென்று ஒதுக்கிய அதே காப்பகங்களில் தானியங்கிக் காமிராக்களைக் கட்டிவைத்துப் பார்த்து, பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு ஆராய்ச்சியாளர்கள் சொன்னது இது: 1960களுக்குப் பிறகு பாண்டா வாழும் நிலப்பரப்பில் பனிச்சிறுத்தை தன் இடத்தில் 38 சதவீதத்தை இழந்துவிட்டது. ஓநாய் 77 சதவீதம். சிறுத்தை 81 சதவீதம். செந்நாய் 95 சதவீதம்.

நூற்றுக்கு தொண்ணூற்றைந்து. அதாவது செந்நாய் அங்கே இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். நம்ம முதுமலையிலும் ஆனைமலையிலும் கூட்டமாகத் திரிகிற அதே செந்நாய்தான். வெள்ளைக்காரன் காலத்தில் அதைக் கொன்றுவந்தால் இங்கேயும் சன்மானம் கொடுத்தார்கள். அதுக்கு எப்பவும் நல்ல பேர் கிடையாது. பொம்மை செய்து விற்க முடியாத மூஞ்சி அதுக்கு.

பாண்டா பிழைத்த காட்டிலேயே செந்நாய் செத்தது எப்படி? இந்தக் கேள்வியை விலங்கியல் கேள்வியாக மட்டும் நான் பார்க்கவில்லை. ஒரு உயிரைக் காப்பாற்ற மற்ற உயிர்களை வரிசைப்படுத்தியே ஆக வேண்டுமா? வரிசைப்படுத்திக் காப்பாற்றுவதற்குப் பேர் காப்பாற்றுவதுதானா? இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு வரிசை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

அந்த மலைகளைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திபெத்தின் பீடபூமி இறங்கிச் சிச்சுவான் சமவெளியைத் தொடுகிற இடத்தில் மின்ஷான், சியுங்லாய், லியாங்ஷான் என்று தொடர்தொடராக மலைகள். வடக்கே ஷான்ஷி மாகாணத்தில் சின்லிங் மலை. அடியில் மூங்கில் மண்டிய காடு. செம்பாண்டா, தங்கநிறக் குரங்கு, டாக்கின், கஸ்தூரி மான் எல்லாம் அங்கே உண்டு. சனங்களும் உண்டு. திபெத்தியர்கள், சியாங் மக்கள், யி மக்கள், ஏழை ஹான் விவசாயிகள். மக்காச்சோளம், உருளைக்கிழங்கு போட்டு, மூலிகை பிடுங்கி, விறகு வெட்டி, ஆடுமாடு மேய்த்து வாழ்ந்த சனங்கள்.

1869ல் ஆர்மான் தாவித் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பாண்டாவைக் 'கண்டுபிடித்தார்' என்று புத்தகங்கள் சொல்கின்றன. உண்மையில் பாவோசிங் மலையில் இருந்த வேட்டைக்காரர்கள்தான் அதைக் கொன்று அவரிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்தது தெரிதல் இல்லை. பாரிசுக்குத் தோல் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது அறிவு ஆயிற்று. அந்த வேட்டைக்காரர்களின் பேரை உலகம் கேட்கவில்லை. வரிசை அன்றைக்கே தொடங்கிவிட்டது.

1961ல் உலக வனவிலங்கு நிதியம் பாண்டாவைத் தன் சின்னமாக்கியது. அதற்கு ஒரு நியாயமும் சொல்வார்கள். பாண்டா ஒரு 'குடை உயிரினம்'. அதுக்காகக் காட்டைக் காத்தால் அதன் நிழலில் மற்ற உயிர்களும் பிழைக்கும் என்பது வாதம். இது முழுப் பொய்யும் இல்லை. சீனப் பெருநிலத்துக்கே உரிய காட்டுப் பறவை இனங்களில் சுமார் 70 சதவீதம் பாண்டாவின் வாழிடத்தோடு பொருந்தி வாழ்கின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாலூட்டிகளிலும் அதே அளவு. சின்ன உயிர்களுக்குக் குடை நிழல் கொடுத்திருக்கிறது.

ஆனால் குடையின் அளவை யார் தீர்மானித்தது? ஒரு பாண்டாவுக்கு அதிகம் போனால் 13 சதுர கிலோமீட்டர் மூங்கில் காடு போதும். சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். அவை ஓடியாடி இரை தேடுகிற சாதி. பாண்டாவின் அளவுக்குக் கோடு போட்டுவிட்டு, கோட்டுக்கு வெளியே வெட்டும் வேட்டையும் தொடர்ந்தால், ஆடு மாட்டைக் கடிச்சதுன்னு விஷம் வைத்தால், செந்நாய் எங்கே போகும்? அழகானதுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அழகில்லாததுக்குப் பொருந்தவில்லை. இவ்வளவுதான் விஷயம்.

வரிசையில் இன்னும் கீழே இறங்கினால் மனுஷன் வருகிறான்.

1980களில் பாண்டாக்கள் செத்ததில் ஒரு பங்கு கண்ணியில் சிக்கிச் செத்தவை. கண்ணி வைத்தது பாண்டாவுக்கு இல்லை, கஸ்தூரி மானுக்கு. கஸ்தூரி மலைச்சனங்களின் வீட்டுக்குப் போகவில்லை. மருந்துக்கும் வாசனைத் திரவியத்துக்கும் போனது. பாண்டாத் தோலும் அப்படித்தான், அதை வாங்கியவர்கள் கடல் தாண்டி இருந்த பணக்காரர்கள். ஆனால் பிடிபட்டது கண்ணி வைத்த கை. அந்தப் பத்தாண்டின் இறுதியில் பாண்டாத் தோல் கடத்தியவருக்கு மரண தண்டனை வரை விதிக்க இடமிருந்தது. 1997ல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் அது நீங்கியது. ஒரு தோலுக்கு ஒரு உயிர் என்று விலை போட்டபோது, அந்த உயிர் யாருடையது என்று பாருங்கள். வாங்கினவனுடையது இல்லை.

காட்டை அழித்தது யார் என்ற கேள்விக்கும் இதே கதிதான். 1950களிலிருந்து அந்த மலைகளில் பெருமரங்களை வெட்டித் தள்ளியவை அரசாங்கத்தின் மரக் கம்பெனிகள். ஆற்றில் மிதக்கவிட்டுச் சமவெளியின் ஆலைகளுக்கும் ரயில்பாதைகளுக்கும் அனுப்பினார்கள். 1998 கோடையில் யாங்சி ஆறு பெருக்கெடுத்துக் கீழே நகரங்கள் மூழ்கி ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகுதான் மேலே மலை மொட்டையாக இருப்பது கண்ணில் பட்டது. அந்த ஆண்டே இயற்கைக் காட்டில் மரம் வெட்டத் தடை. அடுத்த ஆண்டு சரிவு நிலத்தில் உழவை விட்டு மரம் நடச் சொன்னார்கள். யாங்சியின் மேல்பகுதியில் ஹெக்டேருக்கு வருஷம் 2,250 கிலோ தானியம் ஈடாகக் கொடுத்தார்கள். கொடுத்தது நல்லது. ஆனாலும் ஐம்பது வருஷம் சமவெளிக்காக வெட்டினார்கள், பிறகு சமவெளிக்காகவே நட்டார்கள். இரண்டு தடவையும் மலைச்சனத்திடம் யாரும் யோசனை கேட்கவில்லை.

வோலாங் காப்பகத்தின் கதை இன்னும் தெளிவானது. 1963ல் தொடங்கி, 1975ல் இரண்டு லட்சம் ஹெக்டேராக விரிந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சனங்கள், பெரும்பாலும் திபெத்தியரும் சியாங் மக்களும், அதற்குள்ளேயே வாழ்ந்தார்கள். 1980களில் ஐ.நா. உணவுத் திட்டத்தின் உதவியோடு அவர்களில் சில குடும்பங்களை இடம் மாற்றக் குடியிருப்பு கட்டினார்கள். சனங்கள் போகவில்லை. பயிர் வைக்க நிலம் இல்லாத வீட்டை வைத்துக்கொண்டு விவசாயி என்ன செய்வான்? சுவரையா உழுவான்?

2001ல் வந்த ஓர் ஆய்வு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. காப்பகமாக அறிவித்த பிறகுதான் வோலாங்கில் பாண்டாவின் வாழிடம் முன்பைவிட வேகமாக அழிந்திருக்கிறது. சனம் விறகு வெட்டியது உண்மை. அதை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஒடுக்கப்பட்டவர் செய்வதெல்லாம் சரி என்று எழுதுவதும் அவர்களை மனுஷராக மதிக்காததுதான். ஆனால் சுற்றுலாக்காரர்கள் வந்து குவிந்தபோது லாபத்தில் பெரும்பகுதி வெளியூர் முதலாளிகளுக்குப் போயிற்று, விறகுப் பழி மட்டும் உள்ளூர்க்காரனுக்கு நின்றது.

பிறகு நடந்ததுதான் நாம் படிக்க வேண்டியது. மரவெட்டுத் தடைக்குப் பின் வோலாங்கில் காட்டைத் துண்டுகளாகப் பிரித்து, குடும்பங்களைக் குழுவாகச் சேர்த்து, 'இந்தத் துண்டை நீங்க பாத்துக்குங்க' என்று ஒப்படைத்தார்கள். அதற்குக் கூலியும் கொடுத்தார்கள். காடு திரும்பி வளர்ந்தது. அதே சனம்தான், அதே மலைதான். வேலிக்கு வெளியே நிறுத்தியபோது காடு குறைந்தது, காவலுக்கு உள்ளே அழைத்தபோது கூடியது.

இதையும் தேன்தடவிச் சொல்லவில்லை. காடு பெருகியதும் காட்டுப் பன்றி வந்து மக்காச்சோளத்தைத் தின்றது. நிலம் சுருங்கிய குடும்பங்கள் குதிரை வளர்க்கத் தொடங்கின. 1998ல் 25 இருந்த குதிரை 2008ல் 350 ஆயிற்று. காட்டில் விட்டு வளர்ப்பது, காசு தேவைப்பட்டால் விற்பது. அவர்களுக்கு அது பேங்க் பாஸ்புக் மாதிரி. குதிரை பாண்டாவின் மூங்கிலைத் தின்றது. அப்புறம் குதிரைக்கும் தடை. ஒரு கதவை அடைத்தால் வயிறு இன்னொரு கதவைத் திறக்கும். காவல் கூலி மட்டும் கொடுத்துவிட்டு முடிவெடுக்கும் நாற்காலியைக் கொடுக்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

2008 மே 12 அன்று அந்த மலைகளே அதிர்ந்தன. வென்சுவான் நிலநடுக்கத்தில் 69,000க்கும் மேல் செத்தார்கள். வோலாங்கில் மாவோ மாவோ என்ற பாண்டா சுவர் இடிந்து செத்தது. அதைப் புதைத்த செய்தி உலகப் பத்திரிகைகளில் படத்தோடு வந்தது. அதே காப்பகத்தில் வேலை செய்த ஐந்து பேரும் செத்தார்கள். பாண்டாவின் பேர் எனக்குத் தெரியும். அந்த ஐந்து பேரின் பேர் என்னிடம் வந்து சேரவில்லை. இதில் பாண்டாவின் குற்றம் ஒன்றுமில்லை.

வரிசை என்பது இயற்கை போட்டது என்று நினைப்பவர்கள் லியாங்ஷானைப் பார்க்க வேண்டும். பாண்டா வாழும் அந்த மலையில் யி இனத்தின் நுவோசு மக்களிடையே பிறப்பால் ஏற்றத்தாழ்வு இருந்தது. கறுப்பு யி மேலே. வெள்ளை யி கீழே. அவர்களுக்கும் கீழே அடிமைகள். கறுப்பு எலும்பு, வெள்ளை எலும்பு என்று பழைய நூல்கள் எழுதின. கறுப்பு எலும்பு வெள்ளை எலும்போடு கல்யாணம் பண்ணாது. 1956, 57ல் சீன அரசின் சீர்திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. நமக்கு ஆச்சரியமாக இருக்கும். அங்கே கறுப்பு உசந்தது, வெள்ளை தாழ்ந்தது! நிறத்தில் ஒன்றுமில்லை, எலும்பிலும் ஒன்றுமில்லை. மேலே உட்கார்ந்தவன் எதைச் சொல்கிறானோ அதுதான் உசத்தி. செந்நாயைவிடப் பாண்டா உசத்தி என்பதையும் காடு சொல்லவில்லை, காசு வைத்திருந்தவன் சொன்னான்.

ஒரு மறுப்பு வரும். 'பணம் கொஞ்சம்தான் இருக்கு, எல்லாத்தையும் காப்பாத்த முடியாது, எதையாவது முதலில் எடுக்கத்தானே வேண்டும்?' நியாயமான கேள்வி. ஆஸ்பத்திரியில் ரத்தம் கொட்டுகிறவனை முதலில் பார்ப்பது வரிசைதான். ஆனால் அது தேவையின் வரிசை. அழகானவனையும் நன்கொடை வாங்கித் தருகிறவனையும் முதலில் பார்த்தால் அது அந்தஸ்தின் வரிசை. முதலாவது நாளைக்கு மாறும், அடுத்தவனுக்கு இடம் விடும். இரண்டாவது மாறாது. 95 சதவீதம் இழந்தது எதுவோ அதை முதலில் பார்க்கிறவனோடு எனக்குச் சண்டையில்லை.

உச்சியில் இருப்பதாவது சுகமா? அதுவும் இல்லை. 1972ல் பாண்டா அமெரிக்காவுக்கு ராஜதந்திரப் பரிசாகப் போனது. பிறகு வாடகைக்குப் போனது, ஜோடிக்கு வருஷம் பத்து லட்சம் டாலர் வரை. வாடகை வீட்டில் பிறந்த குட்டியும் சொந்தக்காரனுக்கே. 1983ல் மூங்கில் பூத்துக் காய்ந்தபோது 'மீட்பு' என்ற பேரில் பட்டினி கிடக்காத பாண்டாக்களையும் பிடித்துக் கூண்டிலடைத்தார்கள் என்று அங்கேயே இருந்து ஆராய்ந்த ஜார்ஜ் ஷாலர் 1993ல் எழுதினார். வரிசை மேலே இருப்பதையும் ஒரு பொருளாகத்தான் ஆக்குகிறது.

2021 அக்டோபரில் மூன்று மாகாணங்களின் காப்பகங்களைச் சேர்த்து இருபதாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் ஒரே தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். துண்டு துண்டாகக் கிடந்த காடு இணைவது செந்நாய்க்கும் நல்லதாக முடியலாம். அந்தக் கோட்டுக்குள் ஆயிரக்கணக்கான சனங்கள் இருக்கிறார்கள். பூங்காவின் பேரில் மட்டும் பாண்டா இருக்கிறது.

காடா மனுஷனா என்று கேட்டு நம்மைப் பிரிக்கப் பார்ப்பார்கள். காட்டில் வாழாதவன் போட்ட கேள்வி அது. தோழர்கள் அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. எந்த நாட்டில் எந்தக் காப்பகத்தைக் காட்டிப் பெருமை பேசினாலும், சின்னத்தில் இருக்கிற விலங்கின் எண்ணிக்கையை மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். சின்னத்தில் இடம் கிடைக்காத விலங்கு எத்தனை மிச்சம், காவல் காக்கிறவனுக்கு முடிவெடுக்கும் கூட்டத்தில் நாற்காலி உண்டா, இந்த இரண்டையும் கேளுங்கள். பதில் சொல்ல யோசித்தால், அங்கே காடு இன்னும் காப்பாற்றப்படவில்லை.