சரிபார்ப்பது சந்தேகமா?



தில்லையடியில் ஒருவர் தம் பழைய படகு இயந்திரத்தை விற்க விரும்பினால், 2012இல் தொடங்கிய இக்மன் போன்ற இணைய விளம்பரத் தளத்தில் படம் போட்டால் போதும். கொழும்பிலிருந்தும் விலை கேட்பார்கள். ஆனால் கேட்பவர் எல்லாரும் வாங்குபவர் அல்லர்.

ஒருவர் பேரமின்றிச் சம்மதித்து, வங்கிப் பற்றுச்சீட்டின் படத்தை அனுப்பி, பொருளை உடனே ஏற்றிவிடச் சொல்லுவார். அப்படம் போலியாக இருக்கலாம். இன்னொருவர் "பணம் போட வேண்டும்" என்று உங்கள் கைத்தொலைபேசிக்கு வரும் ஓ.டி.பி. இலக்கத்தைக் கேட்பார். பணம் பெறுவதற்குப் பெயரும் கணக்கு இலக்கமும் வங்கி விபரமும் போதுமே! இரகசிய இலக்கத்தைக் கொடுத்தால் நம் பணமே பறிபோகும்.

"கணக்கைப் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்ல நம்மில் பலர் கூசுகின்றனர். அயலவரைச் சந்தேகிப்பது அன்புக்கு மாறானதன்றோ என்பது அவர்கள் தயக்கம். ஒருவரைக் கள்வர் என்று தீர்ப்பிடுவது வேறு. கொடுக்கல் வாங்கலைச் சரிபார்ப்பது வேறு. கடையில் மிச்சக் காசை எண்ணி வாங்குகிறோம், கடைக்காரர் கோபிப்பதில்லை. நேர்மையானவர் பொறுத்திருப்பார். அவசரப்படுத்துபவரிடமே அதிக விழிப்பு வேண்டும்.

வீட்டு உடைமை நமக்கு மட்டுமன்று, பிள்ளைகளுக்கும் உரியது. அதை எண்ணிப் பாராமல் பறிகொடுப்பது தாராளமன்று. மேலும், ஒருமுறை ஏமாந்தவர் அடுத்து வரும் நல்லவரையும் நம்பமாட்டார். ஆகவே, பணம் கணக்கில் சேர்ந்த பின்னரே பொருளைக் கொடுங்கள்.