உம்மாவின் அறைக்கு அனுமதி கேட்டோமா?



சென்ற மாதம் நம் மஹல்லாவில் தனியாக வசிக்கும் ஒரு தாயாரை நலம் விசாரிக்கப் போயிருந்தேன். மகன் துபாயில் இருக்கிறார். உம்மா கீழே விழுந்துவிட்டால் உடனே தெரிய வேண்டும் என்று ஹாலிலும் படுக்கையறையிலும் கேமரா பொருத்தியிருக்கிறார். ஆனால் அந்தத் தாயார் கடும் வெயிலிலும், வீட்டில் யாருமே இல்லாத நேரத்திலும் முக்காட்டை எடுப்பதில்லை.

"ஹஜ்ரத், அவன் ரூமில் ஆறு பேர் தங்கியிருக்காங்க. போனை யாரெல்லாம் பார்க்கிறாங்களோ, எனக்கு எப்படித் தெரியும்? சொன்னா புள்ள வருத்தப்படுவான்" என்றார்.

அந்த மகனுக்குப் பாசம் குறைவில்லை. மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார். மாத்திரை நேரத்தை நினைவூட்டுகிறார். உம்மாவிடம் அனுமதி மட்டும் கேட்கவில்லை.

ஸூரத்துந் நூரின் 58, 59 வசனங்களைப் பாருங்கள். ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடையைத் தளர்த்தும் நேரம், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் பருவமடையாத பிள்ளைகளும் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும். பருவமடைந்துவிட்டால் எந்த நேரமானாலும் கேட்க வேண்டும்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு செய்தி வருகிறது. தாயிடம் செல்லவும் அனுமதி கேட்க வேண்டுமா என்று ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். ஆம் என்றார்கள். ஒரே வீட்டில்தானே இருக்கிறேன் என்றார். அப்போதும் கேட்கச் சொன்னார்கள். அவருக்குப் பணிவிடை செய்பவனே நான்தான் என்றார். அப்போதும் கேட்கச் சொல்லி, தாயை ஆடையின்றிக் காண விரும்புவாயா என்று வினவினார்கள்.

அந்த மூன்றாவது பதிலைக் கவனியுங்கள். பணிவிடை செய்கிறோம் என்பதால் அனுமதி கேட்கும் கடமை நீங்கிவிடாது. கேமராவும் ஒரு வாசல்தான். போனில் அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நாம் அந்த அறைக்குள் நுழைகிறோம்.

அப்படியானால் கேமராவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. உயிரைக் காப்பதும் கடமை. எங்கே வைக்கலாம், யார் பார்க்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். அணைக்கும் வழியைக் கற்றுக்கொடுங்கள். அதன் வழியே பேசுவதற்கு முன் ஸலாம் சொல்லுங்கள். நினைவு தடுமாறி, பதில் சொல்ல இயலாத நிலையில் உம்மா இருந்தால், பார்க்கும் பொறுப்பை மகளிடமோ நம்பிக்கையான ஒரு பெண்ணிடமோ கொடுங்கள். தேவைக்கு மேல் பார்க்க வேண்டாம்.

அந்தத் தாயாரின் சம்மதத்துடன் மகனிடம் பேசினேன். நெடுநேரம் மௌனமாக இருந்தார். மறுநாள் உம்மாவிடம் கேட்டிருக்கிறார். இப்போது படுக்கையறையில் கேமரா இல்லை. அதற்குப் பதிலாக, பக்கத்து வீட்டுப் பெண் காலையிலும் இரவிலும் வந்து பார்த்துப் போகிறார். இதை இங்கே சொல்வதற்கும் தாய், மகன் இருவரிடமும் அனுமதி வாங்கினேன்.

இன்று ஜும்ஆ முடிந்ததும் உங்கள் வீட்டுக்குப் போன் செய்யுங்கள். மாத்திரையைப் பற்றிப் பிறகு கேட்கலாம். "உம்மா, அந்தக் கேமரா உங்களுக்குச் சிரமமா இருக்கா?" என்று முதலில் கேளுங்கள்.

பெற்றோரின் உடலையும் மானத்தையும் சேர்த்தே பேணும் பிள்ளைகளாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக! ஆமீன்.