பாதியில் நின்ற பணி

உழவனின் வேலை கண்ணுக்குத் தெரியும். பாதி வயல்தான் உழுதிருக்கிறான் என்பதை வரப்பில் நிற்பவனும் சொல்லிவிடுவான். ஆனால் நூல் எழுதுபவர், மொழிபெயர்ப்பவர், பாடத்திட்டம் வகுப்பவர், கணக்கு ஆராய்பவர் ஆகியோரின் வேலை எந்த அளவில் நிற்கிறது என்பது அவர்களுக்கும் அல்லாஹ்வுக்குமே தெரியும். ஆகவேதான் அறிவைக் கொண்டு செய்யும் வேலைகள் எளிதில் பாதியில் நின்றுவிடுகின்றன. 'நம் நிய்யத் நல்லது; இடையில் மௌத்து வந்தால் நிய்யத்துக்குரிய கூலி கிடைத்துவிடுமே!' என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். இந்த ஆறுதல் சரிதானா?

நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் 'தப்ஸீர் ஜலாலைன்' என்னும் கிதாபு இதற்கு நல்ல விளக்கம். 'ஜலாலைன்' என்றால் இரண்டு ஜலால்கள் என்று பொருள். முதலாமவர் எகிப்தின் இமாம் ஜலாலுத்தீன் மஹல்லி (ரஹ்) அவர்கள். குர்ஆனின் பிற்பாதியை முதலில் எடுத்துக்கொண்டு, கஹ்பு சூராவிலிருந்து நாஸ் சூரா வரை எழுதி முடித்தார்கள். பிறகு முதற்பாதிக்குத் திரும்பி ஃபாத்திஹாவுக்கு விளக்கம் எழுதினார்கள். அந்த நிலையில் ஹிஜ்ரி 864இல் (கி.பி. 1459) வபாத்தானார்கள். பகராவிலிருந்து இஸ்ரா வரையுள்ள பகுதி எஞ்சி நின்றது.

ஆறு ஆண்டுகள் கழித்து, இருபத்தொரு வயது இளைஞராக இருந்த இமாம் ஜலாலுத்தீன் ஸுயூத்தி (ரஹ்) அவர்கள் அதனைக் கையில் எடுத்தார்கள். ஹிஜ்ரி 870 ரமளான் முதல் பிறையில் தொடங்கி, ஷவ்வால் பத்தில் முடித்தார்கள். சுமார் நாற்பது நாட்கள்! இதை மட்டும் கேட்டு வியப்போர், அடுத்த செய்தியைக் கவனிப்பதில்லை. எழுதியதைத் திருத்தமாகப் படியெடுத்து முடித்தது ஹிஜ்ரி 871 ஸபர் ஆறாம் நாள். எழுதிய காலத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு காலம் செப்பனிடுவதற்குச் சென்றிருக்கிறது. விரைவு வேண்டிய இடத்தில் விரைவு, நிதானம் வேண்டிய இடத்தில் நிதானம்.

நாற்பது நாட்களில் எப்படி முடிந்தது? அன்னாரின் அபாரமான கல்வி ஒரு காரணம். மற்றொரு காரணம், முன்னவர் விட்டுச் சென்ற ஒழுங்கு. எவ்வளவு சுருக்கமாக எழுதுவது, எந்தக் கருத்தைத் தேர்ந்தெடுப்பது, இலக்கணத்தை எதுவரை சொல்வது என்ற அளவுகள் எல்லாம் மஹல்லி இமாமின் பகுதியிலேயே தெளிவாக அமைந்திருந்தன. பின்வந்தவர் அந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இன்று ஓதும் மாணவர், பெயர் சொல்லப்படாவிட்டால் இது இவருடையது, அது அவருடையது என்று எளிதில் பிரித்துவிட முடியாது.

அடுத்தவர் தொடங்கியதை முடிப்பதில் நமக்கென்ன பெயர் என்று கேட்கலாம். ஸுயூத்தி இமாம் தம் பகுதியை விட மஹல்லி இமாமின் பகுதியே பன்மடங்கு சிறந்தது என்று எழுதி வைத்தார்கள். அப்படிப் பணிந்தவரின் பெயரும் சேர்ந்தே அந்தக் கிதாபு இன்று வழங்கி வருகிறது.

எல்லாப் பணிக்கும் இப்படி ஒருவர் விரைவில் வாய்ப்பதில்லை. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) வபாத்தானபோது, 'மஜ்மூஉ' என்னும் மாபெரும் பிக்ஹு நூல் வட்டி பற்றிய பாடத்தில் நின்றது. பின்னர் இமாம் தகிய்யுத்தீன் ஸுப்கி (ரஹ்) அவர்கள் தொடர்ந்தார்கள். அவர்களாலும் முடிக்க இயலவில்லை.

இப்போது கேள்விக்கு வருவோம். நிய்யத்துக்குக் கூலி தருவது அல்லாஹ்வின் கருணை. அதில் ஐயமில்லை. ஆனால் நமக்குக் கூலி கிடைத்ததால், அந்த வேலையை எதிர்பார்த்திருந்தவர்களின் இழப்பு தீர்ந்துவிடுமா? இல்ம் ஓர் அமானிதம். ஒருவரின் அடைக்கலப் பொருளைத் தம்மிடம் வைத்திருப்பவர், தம் மௌத்துக்குப் பின் அது உரியவரிடம் சேர எழுதி வைக்கக் கடமைப்பட்டவர். ஏட்டு வேலைக்கு மட்டும் இது பொருந்தாதா?

எனவே சகோதரர்களே! உங்கள் மேசை இழுப்பறையையும் கம்ப்யூட்டரையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஆசையோடு தொடங்கிய எத்தனை வேலைகள் அங்கே உறங்குகின்றன! அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முடியாதவற்றை, முடிக்கக்கூடியவரிடம் மனமாரக் கொடுத்துவிடுங்கள். எடுத்த ஒன்றைச் சிறு சிறு பகுதிகளாக்கி, ஒவ்வொன்றையும் முழுமையாக முடித்து வையுங்கள். எதை, எந்த முறையில் செய்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, வீட்டாருக்கும் உடன் உழைப்பவருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள். பஜ்ருக்குப் பின் அரைமணி நேரமானாலும் தினமும் உட்காருங்கள். குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனையல்லவா?

இத்தனைக்கும் பின் வேலை பாதியில் நின்றால், அது நம் சோம்பலால் நின்றதாக இராது. நமக்குப் பின் வருபவரும் எங்கே தொடங்குவது என்று திகைக்க மாட்டார்.

வல்ல நாயன் நம் நேரங்களில் பரக்கத்தையும், எடுத்ததை முடிக்கும் தவ்பீக்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.