கப்பலேறும் முன் முகவரியைச் சோதியுங்கள்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நெட்வொர்க் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளே, விளக்குகள் பச்சையாக எரிகின்றன, கம்ப்யூட்டர்களில் இணையம் ஓடுகிறது என்றதும் பையைக் கட்டாதீர்கள். மாட்டிய ஸ்விட்சுக்கு ஐபி முகவரி சரியாகக் கொடுத்து, தூரத்திலிருந்து அது திறக்கிறதா என்று பார்க்காமல் தீவை விட்டுக் கிளம்புவது அந்த ஊர் மக்களுக்குச் செய்யும் துரோகம்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) மற்றத் தீவுகளுக்கும் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர், ஏறக்குறைய 1,224 கோடி ரூபாய். அதற்கு முன் செயற்கைக்கோள் வழியே வந்த கொஞ்ச இணைப்பை வைத்துத்தான் அந்த மக்கள் காலம் தள்ளினார்கள். இன்று கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் வரை கேபிள் போயிருக்கிறது. அவ்வளவு கடலைத் தாண்டி வந்த இணைப்பை ஆஸ்பத்திரியின் மேசைவரை கொண்டுசேர்ப்பது நீங்கள் மாட்டும் ஸ்விட்ச்.

கேட்வேயைத்தான் முதலில் பாருங்கள். அதைத் தப்பாகப் போட்டாலும், போடாமலே விட்டாலும், சாதாரண ஸ்விட்ச் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். யாருக்கும் ஒரு குறையும் தெரியாது. ஆனால் வேறொரு நெட்வொர்க்கிலிருந்து அதைத் திறக்க முயன்றால் பதில் வராது. கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயில் ஸ்விட்சின் ஒரு போர்ட் படுத்துவிட்டால், போர்ட் பிளேரில் இருப்பவர் உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டு நிமிடத்தில் சரிசெய்ய வேண்டியதற்கு, கன்சோல் கேபிளோடு ஒருவர் 500 கிலோமீட்டருக்கு மேல் கடல்வழி போக வேண்டிவரும். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பலும் கிடையாது. அதனால் சோதனையை அதே அறையில் உட்கார்ந்து செய்யாதீர்கள். தலைமையிடத்தில் இருப்பவரைப் போனில் பிடித்து, அங்கிருந்து திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கம்பெனியிலிருந்து வந்த முகவரியை அப்படியே விடுவதும் கூடாது. ஒரே மாதிரி இரண்டு ஸ்விட்சுகளை மாட்டினால் இரண்டும் 192.168.0.1 போன்ற ஒரே முகவரியில் வந்து நின்று மோதும். எது திறக்கும் என்று சொல்ல முடியாது. டிஎச்சிபி பகிர்ந்தளிக்கும் எண்களுக்கு வெளியே, சப்நெட்டுக்கு உள்ளே, ஒரு நிலையான எண்ணைக் கொடுங்கள். ஸ்வராஜ் தீவின் விடுதிகளில் விருந்தினர் வைஃபையும் ஸ்விட்சின் லாகின் பக்கமும் ஒரே நெட்வொர்க்கில் கிடப்பதற்கு இடம் கொடுக்காதீர்கள். நிர்வாகத்துக்குத் தனி வி-லேன் வேண்டும்.

பாஸ்வேர்டை மாற்றாமல் விடுவதை என்னால் மன்னிக்கவே முடியாது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் மாற்றாமல் விட்டிருந்த கம்பெனி பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது. அந்த அக்டோபரில் டைன் நிறுவனத்தின் சேவை அதனால் முடங்கி, ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்றவை பலருக்கும் திறக்காமல் போயின. பூட்டு மாட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதை அது.

எல்லாம் செய்துவிட்டுச் சேமிக்க மறக்காதீர்கள். பல ஸ்விட்சுகளில் கொடுத்த அமைப்பு தற்காலிக நினைவகத்தில் மட்டும் இருக்கும். கரண்ட் ஒருமுறை போய் வந்தால் அழிந்துவிடும். டீசல் ஜெனரேட்டரைப் பெரிதும் நம்பியிருக்கும் தீவுகளில் கரண்ட் போகாது என்று யார் உறுதி தர முடியும்? சேமித்தபின் ஒருமுறை நீங்களே அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

முகவரி, மாஸ்க், கேட்வே, வி-லேன் எண் நான்கையும் அலுவலகப் பதிவேட்டில் எழுதுங்கள். முகவரியை ஸ்விட்சின் மேலும் ஒட்டுங்கள். பாஸ்வேர்டைத் தனியாக, பொறுப்பாளர் கையில் கொடுங்கள். நீங்கள் மாற்றலாகிப் போன பிறகு வருகிற பையனுக்கு உங்கள் போன் நம்பர்கூடத் தெரிந்திருக்காது.

ஏற்கனவே மாட்டிவிட்டு வந்த ஸ்விட்சுகள் இருந்தால் இன்றைக்கே ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். திறக்காததன் பெயரைக் குறித்துவைத்து, அடுத்த கப்பலில் அந்தத் தீவுக்குப் போகிறவர் கையில் கன்சோல் கேபிளைக் கொடுத்தனுப்புங்கள்.